கொச்சிக்குப் போகவிருந்த கதாநாயகன்

நம் படப்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு விதியைச் சொல்லியிருப்பார்கள். படப்பிடிப்பில் யாராவது 'இண்டர்வியூ' என்று கத்தினால், கையில் என்ன இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு, கத்தியவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட வேண்டும். அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொன்னவர் அன்றோடு வீட்டுக்குப் போகலாம். இதனால்தான் நாம் மட்டும் பேட்டியைப் பேட்டி என்றே சொல்கிறோம். வெளியே இதை மொழிப்பற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விழாவில் எனக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். நான் மறுக்கவில்லை, நல்ல துணி.

விதியை ஏற்படுத்தியவன் நான். வயதுக்கு முன்னாலேயே முதுகு ஓய்வு கேட்டுவிட்டதால் நானும் அதோடு கிளம்புகிறேன். விதியை மட்டும் விட்டுவிட்டுக் காரணத்தை எடுத்துக்கொண்டு போனால், அடுத்த வருஷமே நீங்கள் அதை மூடநம்பிக்கை என்று தூக்கிப்போட்டுவிடுவீர்கள். ஆகவே காரணத்தையும் ஒப்படைக்கிறேன். அதன் பெயர் செல்வின்.

எழுபதுகளில் நான் தூத்துக்குடியில் கல்லூரி மாணவன். உலக சினிமாவைப் பற்றிக் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்திருந்தேன். அவற்றில் சொல்லப்பட்ட படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு இயக்குநருக்குக் கிடைக்கக்கூடிய கல்வியில் இதைவிட அபாயமானது கிடையாது. மில்லர்புரத்தில் இருந்த என் மாமா பினாங்கிலிருந்து திரும்பியபோது ஒரு எட்டு மில்லிமீட்டர் கேமராவைக் கொண்டுவந்திருந்தார். கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோலச் சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும். ஒலி கிடையாது. ஒரு சுருள் போட்டால் சில நிமிஷப் படம். அதைத் தபாலில் பம்பாய்க்கு அனுப்பினால் கழுவி அனுப்புவார்கள். நாங்கள் செய்த தப்பு என்ன என்பது எங்களுக்கே தெரிய ஒரு மாதம் ஆகும். எடுத்த மறு நிமிஷமே தெரிந்துவிடுகிற உங்களுக்கு அந்த நிம்மதி இல்லை.

கதை இதுதான்: ஒருவன் பிழைப்புத் தேடித் தோணியில் ஊரைவிட்டுப் போகிறான். காதலி கரையில் நிற்கிறாள். அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. முற்றும். இதற்கு மேல் கதை இருந்தால் சுருள் போதாது.

கதாநாயகன் செல்வின், என் வகுப்புத் தோழன், நாசரேத்துக்காரன். அப்பா ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்தும் உபதேசியார். உயரமாக, கொஞ்சம் சோகமாக இருப்பான். பசித்தாலும் அப்படித்தான் இருப்பான், சாப்பிட்டாலும் அப்படித்தான். கதாநாயகிதான் கிடைக்கவில்லை. கடைசியில் ஜெசிந்தா சம்மதித்தாள். கடற்கரைத் தெருக்காரி, பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் மிக்கேலுக்கு ஒரு வள்ளம் உண்டு. சின்னப் பாய் கட்டிய மீன்பிடிப் படகு. தங்கை நடிக்கலாம், ஆனால் கதாநாயகன் ஒரு வள்ளத்தின் நீளத்துக்குள் கிட்டே வரக்கூடாது என்பது மிக்கேலின் நிபந்தனை. ஆகவே எங்கள் படத்தில் காதலர்கள் இருவரும் ஒரே காட்சியில் தோன்றவே மாட்டார்கள். இதைப் 'பிரிவின் வடிவம்' என்று கல்லூரி மலரில் நானே ஒரு கட்டுரை எழுதி விளக்கினேன்.

முதல் சுருள் பம்பாயிலிருந்து திரும்பி வந்த அன்று விடுதியில் போட்டுப் பார்த்தோம். எல்லாக் காட்சியிலும் செல்வின் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். கடலைப் பார்க்க வேண்டிய இடத்தில் கேமரா, கடிதத்தைப் படிக்க வேண்டிய இடத்தில் கேமரா. பாஸ்போர்ட் படம் நடந்துபோவதுபோல இருந்தது. விடுதி முழுக்கச் சிரித்தது. அதில் சத்தமாகச் சிரித்தவன் நான்.

"இனிமே வானம் இடிஞ்சு விழுந்தாலும் திரும்ப மாட்டேன்லே," என்றான் செல்வின். "நீயா வந்து தோளத் தொட்டு, போதும்னு சொன்னாத்தான்."

அதன் பிறகு நான் புத்தகங்களிலிருந்து மூன்று தந்திரங்களைக் கற்றுக்கொண்டேன். ஒன்று, நடிப்பவர்களிடம் கேமரா எப்போது ஓடுகிறது என்பதைச் சொல்லவே கூடாது. எப்போதும் ஓடுவதாக நினைத்துக்கொண்டால் எப்போதும் இயல்பாக இருப்பார்கள். இரண்டு, கேமராவைத் துண்டுக்குள் மறைத்து வைத்து எடுக்க வேண்டும். மூன்று, முகத்தில் உண்மையான உணர்ச்சி வேண்டுமென்றால் ஏதாவது பொய்யைச் சொல்லி வரவழைக்க வேண்டும்.

தோணிக் காட்சி எடுக்கிற நாள் வந்தது. எங்கள் ஊர்த் தோணியை வெளியூர்க்காரர்கள் ஏதோ ஓடம் என்று நினைப்பார்கள். அது பெரிய பாய்மரக் கப்பல். பழைய துறைமுகத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு தோணி அன்று பிற்பகல் கொச்சிக்குக் கிளம்பவிருந்தது. கொழும்புத் தோணி இன்னும் அழகாக இருந்தது. ஆனால் அதில் செல்வினை ஏற்றினால் சுங்கத்தார் கேள்வி கேட்பார்கள் என்று கொச்சியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நாள் முழுவதிலும் நான் புத்தியோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் பெரிய மீசைக்காரர். சினிமா என்றதும் மாலுமிகள் எல்லோருக்கும் தலை சீவச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார். காலையில் அவர்களுக்கு ஒத்திகை வைத்தேன். "நான் என்ன கத்தினாலும் திரும்பக் கூடாது. ஒங்க வேலைய ஒங்க பாட்டுக்குச் செய்யணும்," என்று சொல்லிவிட்டு, சோதனைக்காக, "முடிஞ்சுது, எல்லாரும் திரும்பலாம்!" என்று கத்தினேன். சமையற்காரர் திரும்பினார். அவரைத் திட்டித் தீர்த்தேன். பிலிம் எவ்வளவு அரிய பொருள் தெரியுமா என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். கேமராவுக்குள் அப்போது பிலிமே போடவில்லை.

செல்வினுக்கு வேறு மருந்து. மறுநாள் காலையில் அவனுக்கு நாசரேத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு இண்டர்வியூ. அவனுடைய வீட்டில் அந்த வேலையை நம்பித்தான் எல்லாமே இருந்தது. அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, ஊர் ஊராகப் போக முடியவில்லை. வேலை தேடிப் போகிறவனுக்குப் பொருத்தமான உடை என்று இண்டர்வியூவுக்குத் தைத்த வெள்ளைப் பேண்ட்டையே போட்டு நடிக்க வைத்திருந்தேன். மீன் ஏலக் கூடத்தில் துண்டுக்குள் கேமராவை வைத்துக்கொண்டு, "ஏலே செல்வின், ஒன் இண்டர்வியூவ ரத்து பண்ணிட்டாங்களாம்லே!" என்று கத்தினேன். அவன் முகம் அப்படியே இடிந்துபோனது. அழகாகப் பதிவானது. பொய் என்று சொன்ன பிறகு மதியம் வரைக்கும் அவன் என்னோடு பேசவில்லை. கலைஞர்களுக்கிடையே இப்படி வருவதுண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திட்டம் எளிமையானது. செல்வின் தோணியின் முன்பக்கம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே போவான். நான் கடலுக்குள் நீளும் துறைமுகப் பாலத்து முனையில் நின்று எடுப்பேன். தோணி முனையைத் தாண்டிப் பாய் விரிப்பதற்குள் மிக்கேல் வள்ளத்தை அணைத்து, எனக்குப் பதிலாக அவன் தோளைத் தொட்டு, இறக்கிக்கொண்டு வந்துவிடுவார். சாயங்கால பஸ்ஸில் செல்வின் நாசரேத் போய்விடுவான்.

தோணி நகர்ந்தது. கடைசிச் சுருள். சாவியை முழுக்க முறுக்கி அழுத்தினேன். பாய் மெல்ல மேலே ஏறியது. மேற்கு வெயில் நேராக அதன்மேல் விழுந்து, துணி முழுக்கப் பொன்னிறமாகிவிட்டது. அதற்குக் கீழே வெள்ளைப் பேண்ட்டில், ஒற்றை ஆளாக, அசையாமல் செல்வின். நான் படித்த எல்லாப் புத்தகங்களும் என் கண் முன்னால் கடலில் போய்க்கொண்டிருந்தன.

அப்போது இடது பக்கத்திலிருந்து மிக்கேலின் வள்ளம், நாறிப்போன வலையோடும் கிழிந்த பாயோடும், காட்சிக்குள் மூக்கை நீட்டியது. வந்ததே எனக்கு ஆத்திரம். கையை வீசி, ஒதுங்கு ஒதுங்கு என்று விரட்டினேன். மிக்கேல் ஒரு கணம் நின்றார். மறுபடியும் விரட்டினேன். வள்ளம் திரும்பிவிட்டது. காட்சி சுத்தமாகிவிட்டது.

கேமரா நின்றபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது. பின்னால் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அழுகைக் காட்சியை முந்தின வாரமே எடுத்தாகிவிட்டது. அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "செல்வின் எப்ப எறங்குவாரு?"

மிக்கேல் வள்ளத்தைப் பாலத்தடியில் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, வேண்டாம்னு கை காட்டுனிய? அந்தப் பய கொச்சிக்கே போறானா?"

கதாநாயகனை ஃப்ரேமில் வைத்துக்கொள்வதற்காகக் கொச்சிக்கு அனுப்பிவைத்த இயக்குநர் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். தோணி கொச்சி போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று மிக்கேலிடம் கேட்டேன். "காத்தப் பொறுத்தது" என்றார். இண்டர்வியூ காற்றைப் பொறுத்தது அல்ல.

மூன்று பேரும் வள்ளத்தில் ஏறினோம். பாயையும் விரித்து, எனக்கும் ஒரு துடுப்பைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மிக்கேல் அதைத் திரும்ப வாங்கி ஜெசிந்தாவிடம் கொடுத்தார். நான் கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி நடுவில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளையாகத் தோணியில் பாரம் அதிகம், காற்று குறைவு. கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டோம்.

எழுந்து நின்று கத்தினேன். "தண்டல் அண்ணாச்சி! பாய எறக்குங்க! ஆள் எறங்கணும்!"

தோணியில் ஒருவரும் திரும்பவில்லை. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த மாலுமி இன்னும் சிரத்தையாகச் சுருட்டினான். முதுகைச் சொறிந்துகொண்டிருந்த தண்டல் சட்டென்று நிறுத்தி, மீசையைத் தடவி, இடுப்பில் கை வைத்து, அடிவானத்தைப் பார்த்தார்.

"நடிக்காவ," என்றாள் ஜெசிந்தா.

"செல்வின்! ஏலே! நாளைக்கு இண்டர்வியூலே!"

செல்வினின் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு நிமிர்ந்து நின்றுகொண்டான். காலையில் பட்டது போதும் என்று அந்த முதுகே சொன்னது.

"அண்ணாச்சி, படம் முடிஞ்சிட்டு! திரும்புங்க!"

தண்டல் தலையைத் திருப்பாமல், உதடும் அசையாமல், வாயின் ஓரத்தால் பதில் சொன்னார்: "காலையில இப்பிடிச் சொல்லித்தான எங்க சமையக்காரன ஏமாத்துனிய? அந்தப் பாச்சாவெல்லாம் எங்கிட்ட பலிக்காது தம்பி. நீங்க எடுங்க."

எடுக்கவில்லை என்று காட்டக் கேமராவைத் துண்டால் மூடினேன். காலையில் மீன் ஏலக் கூடத்தில் என் தந்திரத்தைப் பார்த்திருந்த சமையற்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "துண்டுக்குள்ள வச்சுட்டாரு! துண்டுக்குள்ள வச்சுட்டாரு!" என்று மற்றவர்களை எச்சரித்தார். எல்லோரும் இன்னும் இயல்பாக ஆனார்கள்.

ஜெசிந்தா துடுப்பை வைத்துவிட்டு எழுந்து தண்டலைக் கூப்பிட்டாள். "மாமா! சத்தியமா சொல்லுதேன், அந்த ஆள் வாழ்க்கையே போயிரும்! எறக்கி விடுங்க!" குரல் நிஜமாகவே உடைந்தது.

"பிள்ள நல்லா நடிக்கி," என்றார் தண்டல், அடிவானத்திடம்.

துடுப்பு போட்டுக்கொண்டிருந்த மிக்கேல் இந்த இடத்தில் சொன்னதை உங்கள் பயிற்சிக்குத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறேன். காற்று கொஞ்சம் ஏறியது. தோணிக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டு வந்தது.

"டைரக்டரே," என்றாள் ஜெசிந்தா, "அந்தப் பெட்டிய கடல்ல தூக்கிப் போடும். அப்பந்தான் நம்புவாவ."

"ஐயோ, எங்க மாமாவோட கேமரா!"

"அப்போ உள்ள இருக்கத எடுத்து வெளிய போடும்."

உள்ளே இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். பொன்னிறப் பாய். வெள்ளைப் பேண்ட். அசையாத முதுகு. கேமராவின் கதவைத் திறந்து வெயில் பட்ட அடுத்த நொடி அது வெறும் நாடா. இன்னொரு சுருளும் கிடையாது, அந்த வெயிலும் மறுபடி அப்படி வராது.

"அதுல இருக்கது இந்தப் படத்துக்கே உயிரு, ஜெசிந்தா."

"செல்வின் வேணுமா, செல்வின் படம் வேணுமா? சட்டுனு சொல்லும். எங்கண்ணனுக்குக் கை வலிக்கி."

நான் தயங்கினேன். இதை அழகாக மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியும். இருபது வருஷம் படத்தொகுப்பில் இருந்தவன். ஆனாலும் தயங்கினேன். கலைக்காக எதையும் இழக்கலாம் என்று புத்தகங்களில் எழுதியிருந்தது. அவற்றை எழுதிய யாரும் அன்று சாயங்காலம் நாசரேத்துக்குப் போய், கண் மங்கிய உபதேசியாரின் முன்னால் நின்று, "உங்கள் மகன் கொச்சியில் இருக்கிறான், ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது" என்று சொல்ல வேண்டியவர்கள் இல்லை.

கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கதவைத் திறந்தேன். சுருளைப் பிடித்து இழுத்தேன். பிலிம் காற்றில் அவிழ்ந்து, வெயிலில் மின்னிக்கொண்டு, வள்ளத்துக்கு வெளியே ஒரு நீண்ட வாலாகப் பறந்தது.

தோணியில் முதலில் அலறியவர் சமையற்காரர். "ஐயையோ! பிலிமு!"

தண்டலின் தலை மீசையோடு திரும்பியது. பிலிம் எவ்வளவு அரிய பொருள் என்று காலையில் நான் ஆற்றிய சொற்பொழிவு வீண்போகவில்லை. "ஏலே, பாய எறக்குங்கலே! தம்பிக்கு நெசமாவே என்னமோ ஆயிட்டு!"

செல்வினும் திரும்பினான்.

தூரத்தில் கரை, நடுவில் வள்ளம், என் கையில் பறக்கிற நாடா. மூன்றையும் அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. பயம் வந்தது. என்மேல் கொலைவெறி வந்தது. பிறகு என் கையைப் பார்த்தான். நான் எதை உருவிப்போட்டேன் என்பது புரிந்ததும், அத்தனைக்கும் மேலே, எனக்காக ஒரு வருத்தம் வந்தது. அந்த ஒரு முகத்துக்காகத்தான் நான் காலையிலிருந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னதும் தானாக வந்தது. அதுவும் நேராகக் கேமராவைப் பார்த்து.

கேமராவில் பிலிம் இல்லை.

தோணியிலிருந்து வள்ளத்துக்கு இறங்கும்போது செல்வின் கால் தவறிக் கடலில் விழுந்தான். மிக்கேல் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். செல்வின் மூச்சு வாங்கிவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நல்லா வந்துதாலே?" ஆம் என்றேன். ஜெசிந்தா அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, பேண்ட்டில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துவிட்டாள். மிக்கேல் பார்த்தார், வள்ளத்துக்குள்ளேயே வள்ளத்தின் நீளத்துக்கு விலக முடியாது என்று துடுப்பை எடுத்துக்கொண்டார்.

இரவோடு இரவாகக் காயவைத்த அந்தப் பேண்ட்டோடு மறுநாள் போனான். முழங்காலிலிருந்து கீழே உப்பு பூத்து நின்றதாம். இண்டர்வியூ நடத்தியவர்களில் ஒருவர், "உப்பளத்திலிருந்து நேரா வாரீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். செல்வின் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறான். சிரித்து ஓய்ந்த பிறகு அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அத்தனை பேர் கத்தியும் ஏன் திரும்பவில்லை?" "திரும்ப மாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன் ஐயா." வேலை கிடைத்துவிட்டது.

படத்தைக் கல்லூரி விழாவில் போட்டோம். தோணிக் காட்சி இல்லாததால், ஜெசிந்தா கரையில் அழுவதோடு முற்றும் என்று போட்டிருந்தேன். விளக்கைப் போட்டதும் முதல்வர் எழுந்து, "நல்ல முயற்சி. கதாநாயகன் கடைசியில் எங்கேதான் போனான்?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து மாணவர்கள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: "இண்டர்வியூவுக்கு!"

அன்றிலிருந்து, என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரு சொல்லை விட்டுவைத்திருக்கிறேன். படப்பிடிப்பு என்றால் கொஞ்சம் பொய் இருக்கும், கொஞ்சம் ஏமாற்று இருக்கும். அது இல்லாமல் நம் தொழில் இல்லை. ஆனால் எந்தக் குழுவிலும் ஒரு சொல்லாவது பொய்க்குப் பயன்படாத சொல்லாக இருக்க வேண்டும். ஒருமுறை மழைக்காலத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கிக்குள் எடுத்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் அற்புதமாக இருந்தது. விளக்குப் பிடித்தவர் 'இண்டர்வியூ' என்று கத்தினார். ஏன் என்று கேட்காமல் வெளியே ஓடினோம். கேமரா நின்ற இடத்தில் சுவர் வந்து உட்கார்ந்தது. சுவர் விழுந்ததைப் படம் எடுக்க முடியவில்லையே என்று இரண்டு நாள் வருந்தினேன். திருந்தியவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

செல்வின் அந்தப் பள்ளியிலேயே இருந்து தலைமையாசிரியர் ஆனார். ஜெசிந்தா டீச்சரும் அங்கேதான். கல்யாணத்துக்கு மிக்கேலைச் சம்மதிக்கவைக்கப் பட்ட பாடு தனிக் கதை. அதில் நான் நடிகன், இயக்கம் ஜெசிந்தா. போன மாதம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, பள்ளி வராந்தாவில் வரிசையாக மாட்டியிருந்த ஆண்டுவிழாப் படங்களைப் பார்த்தேன். எல்லா வருஷத்துப் படத்திலும் பிள்ளைகள், ஆசிரியர்கள், காவலாளி உட்பட எல்லோரும் கேமராவையே பார்க்கிறார்கள். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஒவ்வொரு வருசமும் போட்டோக்காரரு கெஞ்சுதாரு," என்றாள் ஜெசிந்தா. "நீர் போய்த் தோளத் தொட்டு, போதும்னு ஒரு வார்த்த சொல்லும்."